தகுதியான ஆள் கிடைத்துவிட்டான்

போடபாட்டி சூரியபிரகாச ராவ், டல்லாஸுக்கு வடக்கே உள்ள மகன் வீட்டில் வந்து இறங்கிய மறுநாளே இரண்டு காரியங்கள் செய்தார். தோட்டத்துக் குழாயைச் சரியாக மூடாமல் விட்டது யார் என்று விசாரித்தார். ஞாயிற்றுக்கிழமை பத்திரிகைக்குச் சந்தா கட்டச் சொன்னார். அந்தத் தெருவில் காகிதப் பத்திரிகை வந்து விழுந்த ஒரே வாசல் அவர்களுடையது. காகிநாடாவில் கூட்டுறவுத் துறையில் துணைப் பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். கையில் எடுத்த காகிதத்தைக் கடைசி வரி வரை படிக்காமல் கீழே வைத்தவரில்லை. இந்த நல்ல பழக்கம்தான் குடும்பத்தைக் கவிழ்த்தது.

மகன் சசிதர் லிஃப்ட் செய்யும் கம்பெனி ஒன்றில் பொறியாளன். கதவு எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும், நடுவில் யாராவது நின்றால் என்ன செய்ய வேண்டும் என்று லிஃப்டுக்குச் சொல்லிக் கொடுப்பது அவன் வேலை. தற்காலிக வேலை விசாவில் வந்தவன். அந்த விசாவுக்கு ஆறு வருடம்தான் ஆயுள். அது முடிவதற்குள் கம்பெனி அவனுக்காக கிரீன் கார்டுக்கு மனுப் போட்டுவிட்டால் இருக்கலாம். இல்லாவிட்டால் வீட்டை விற்று, மகளைப் பள்ளியிலிருந்து எடுத்து, விமானம் ஏற வேண்டியதுதான்.

மனுப் போடுமுன் ஒரு சடங்கு உண்டு. அந்நியன் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கு உள்நாட்டில் வேறு ஆள் கிடைப்பானா என்று அரசாங்கம் கேட்கிறது. நியாயமான கேள்வி. தேடிப் பார்த்துப் பதில் சொல்லும் பொறுப்பை, ஆள் கிடைக்கக் கூடாது என்று நினைக்கும் கம்பெனியிடமே ஒப்படைத்திருக்கிறது. இதிலும் குறை சொல்ல முடியாது. தேடுவதற்கு ஒருவர் வேண்டும் அல்லவா?

அந்தத் தேடலின் ஒரு பகுதிதான் ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையில், பழைய படகு விற்பனைக்கும் காணாமற்போன பூனைக்கும் நடுவில் வந்தது. லிஃப்ட் கதவுப் பொறியாளர் தேவை, மின்னணுவியலில் முதுகலை, சரக்கு லிஃப்டிலும் மருத்துவமனை லிஃப்டிலும் அனுபவம், கதவிடுக்கில் ஆள் நிற்பதை உணரும் கருவிகளில் தேர்ச்சி, விண்ணப்பங்கள் தபாலில் மட்டும். கீழே மகன் வேலை பார்க்கும் கம்பெனியின் முகவரி.

ராவ்காரு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். தன் காலத்தில் குடும்பத்துப் பெண்களுக்காக 'வரன் தேவை' விளம்பரங்கள் பல எழுதியவர். உயரம், நட்சத்திரம், கோத்திரம் என்று ஒவ்வொரு வரியாகச் சேர்க்கும்போது கடைசியில் ஒரே ஒருவன்தான் மிஞ்சுவான் என்பது தெரியும். இந்த விளம்பரத்திலும் வரிக்கு வரி சசிதர்தான் நின்றான். ஆனால் நிச்சயதார்த்தம் முடிந்து ஐந்து வருடம் குடித்தனமும் நடந்தபின் எவனாவது 'வரன் தேவை' போடுவானா? மகனை வேலையிலிருந்து அனுப்புகிறார்கள், மகன் வெளியே சொல்லாமல் விழுங்குகிறான் என்று முடிவு செய்தார்.

மேஜையில் சசிதர் இஞ்சிப் பச்சடி தொட்டுப் பெசரட்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஆபீஸில் எல்லாம் எப்படி என்று கேட்டார். நன்றாகப் போகிறது என்று சொல்லி இன்னொன்று போடச் சொன்னான். எவ்வளவு அழுத்தமான பிள்ளை என்று ராவ்காரு உள்ளுக்குள் பெருமைப்பட்டார். பெற்ற மகனிடம் அவமானத்தைத் தோண்டிக் கேட்பது அந்தக் குடும்பத்து வழக்கமில்லை. கேட்காமல் காரியம் செய்வதுதான் வழக்கம்.

அவருடைய தாத்தா கரணமாக இருந்தவர். கணக்குப் பிள்ளை உத்தியோகம், பரம்பரையாக வந்தது. பிள்ளையில்லாத ஒரு தலைமுறையில் அது தங்கை மகனுக்குப் போயிற்றே தவிர, வெளி ஆளுக்குப் போகவில்லை. நாற்காலி கைமாறலாம், கூரையை விட்டுப் போகக் கூடாது என்பது ராவ்காருவுக்குத் தாய்ப்பாலோடு வந்த பாடம்.

தங்கை அனசூயா நியூ ஜெர்சியில் எடிசனில் இருந்தாள். சசிதர் கல்யாணத்தில் அவள் கணவரைத் தவறுதலாக இரண்டாவது பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அண்ணனோடு பேசும் எந்தப் பேச்சையும் அவள் அந்தப் பந்தியில் கொண்டுவந்துதான் முடிப்பாள். அவள் மகன் ப்ரணீத் அமெரிக்காவிலேயே பிறந்தவன், அமெரிக்கக் குடிமகன். சசிதர் படித்ததையே படி, சசிதர் செய்யும் தொழிலையே செய் என்று அவனுக்குப் பதினைந்து வயதிலிருந்து ஓதியவர் ராவ்காரு. அவனும் படித்தான். சிகாகோவில் ஒரு லிஃப்ட் கம்பெனியில் சேர்ந்தான். அந்தக் கம்பெனி மூடிப்போனதால் இப்போது அம்மா சமையலைச் சாப்பிட்டுக்கொண்டு வீட்டில் இருந்தான்.

ராவ்காரு தங்கையைக் கூப்பிட்டு, காரணம் கேட்காமல் பையனுடைய விவரங்களை அனுப்பச் சொன்னார். வந்ததை அச்செடுத்து, தன் கையால் ஒரு முகப்புக் கடிதம் எழுதி வைத்து, பதிவுத் தபாலில் அனுப்பினார். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வரும் ஒப்புதல் அட்டையும் சேர்த்துத்தான். ஒப்புதல் அட்டை இல்லாத தபால் அவரைப் பொறுத்தவரை அனுப்பப்படாத தபால். சில நாளில் அட்டை கையெழுத்தோடு திரும்பி வந்தது. பச்சை நிறம். அதை அவர் பாஸ்போர்ட்டோடு சேர்த்து வைத்தார்.

அடுத்த வாரம் சசிதர் முகம் வெளிறி வீட்டுக்கு வந்தான். மருமகள் நீரஜா தட்டு வைத்தாள்; அவன் கை வைக்கவில்லை. என்ன என்று கேட்டதற்கு நடந்ததைச் சொன்னான். கிரீன் கார்டுக்காக ஊருக்குத் தெரியாமல் ஒரு விளம்பரம் போட்டிருந்தார்கள். இத்தனை வருடத்தில் இப்படிப்பட்ட விளம்பரத்துக்கு ஒரு விண்ணப்பமும் வந்ததில்லை. இந்த முறை யாரோ ஒரு பைத்தியம் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறது. வரவில்லை என்று சொல்ல வழியில்லை. மனு அப்படியே நிற்கிறது.

ராவ்காரு நீரைக் குடித்து டம்ளரைக் கீழே வைத்தார்.

"அந்தப் பைத்தியம் நான்தான்" என்றார்.

பிறகு ராவ்காரு, தன் மகனுடைய நாற்காலிக்குத் தன் மகனே விளம்பரம் போட வைத்தானா என்பதைத் திருத்தமாகத் தெரிந்துகொள்ள விரும்பினார். சசிதர் விளக்கினான். இத்தனையும் தாண்டினால் கிரீன் கார்டு கிடைத்துவிடுமா என்று கேட்டார்.

"இல்ல நான்னா. வரிசைல நிக்க டோக்கன் கிடைக்கும்" என்றான் சசிதர். அப்பாவை அவன் தெலுங்கில் நான்னா என்றுதான் கூப்பிடுவான்.

"உன் முறை எப்போ வரும்?"

"நம்ம நாட்டுல பிறந்தவங்களுக்குக் கொஞ்சம் நாளாகும். என் பேரன் காலேஜ் போறதுக்குள்ள வந்துடலாம்னு சொல்றாங்க."

"உன் பொண்ணு இன்னும் ரெண்டாங்கிளாஸ்டா."

"அதான் சொல்றேன்."

நீரஜா பாஸ்போர்ட்டுகள் இருந்த அலமாரியைத் திறந்து அந்த ஒப்புதல் அட்டையைக் கொண்டுவந்து மாமனார் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"பத்திரமா வச்சுக்கங்க மாவய்யா. இந்தக் குடும்பத்துக்கு வந்த பச்சைக் கார்டு இது ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

தவறு தன்னுடையது என்றால் நேரில் போய்ச் சரிசெய்வதுதான் ராவ்காருவுக்குத் தெரிந்த முறை. கோட்டு போட்டுக்கொண்டு மகனோடு கம்பெனிக்குப் போனார். அங்கே ஆள் சேர்ப்பு அதிகாரி மிஸ் ஹட்சின்ஸும், கம்பெனி வக்கீல் மிஸ்டர் பீலும் துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்கள். மேஜை நடுவில் ப்ரணீத்தின் விண்ணப்பம். இருவரும் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மிஸ் ஹட்சின்ஸ் முதலில் தன் மனதைக் கொட்டினாள்.

"நாங்க மனசார தேடினோம் மிஸ்டர் ராவ். மனசார தேடணும்னு சட்டத்துலயே இருக்கு. ரேடியோல சொன்னோம், விடியறதுக்கு முன்னாடி, பன்றி விலை சொல்லி முடிச்சதும். காலேஜ்ல நோட்டீஸ் ஒட்டினோம், லீவு விட்டதுக்கு அப்புறம். கேன்டீன்ல மைக்ரோவேவ் மேல ஒட்டினோம். பதினோரு வருஷமா நான் இந்த வேலை பாக்கறேன். ஒரு தடவைகூட ஒரு ஆளைக் கண்டுபிடிச்சதில்ல. எங்க டிபார்ட்மென்ட்டுக்கு அதுக்காகவே விருது குடுத்திருக்காங்க."

"சாதாரணத் தபாலா வந்திருந்தா எங்க தபால் ரூம்ல…" என்று அவள் தொடர்ந்தாள். மிஸ்டர் பீல் இருமினார். அவள் நிறுத்திக்கொண்டாள்.

ராவ்காரு, பிழை தன்னுடையது என்றும், மருமான் தன் பேச்சைத் தட்டமாட்டான் என்றும், விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளச் சொல்வதாகவும் முறைப்படி தெரிவித்தார். வக்கீல் இரண்டு உள்ளங்கைகளையும் உயர்த்தினார்.

"இதை நான் கேக்கல. மிஸ் ஹட்சின்ஸ், நீங்களும் கேக்கல. ஒரு அமெரிக்கரை வேலைக்கு வராம தடுக்கறது பெரிய குற்றம் சார்."

"யார் கண்ணுலயும் படாம விளம்பரம் போடறது?"

"அது நடைமுறை."

"சரி. அப்போ அவனுக்கே வேலையைக் குடுங்க."

"எப்படிக் குடுக்கறது? வேலை காலியா இல்லையே. உங்க பையன்தான் அதுல இருக்காரே."

"காலியில்லாத வேலைக்கு எதுக்கு ஆள் தேடறீங்க?"

மிஸ்டர் பீல் இந்தக் கேள்விக்காகவே சட்டம் படித்தவர்போல் மலர்ந்தார்.

"ரொம்பப் பேர் இங்கதான் தப்பா புரிஞ்சுக்கறாங்க. நாங்க ஆள் தேடல. ஆள் இல்லைங்கறதைத் தேடறோம். உங்க மருமானை வேலைக்கு எடுக்கணும்னு சட்டம் கேக்கவே இல்ல. அவர் வேலை செய்யவும் வேண்டாம். அவர் இருக்கார், அவ்வளவு போதும், உங்க பையன் மனு போச்சு. இந்த நாட்டுத் தொழிலாளியைச் சட்டம் எவ்வளவு அருமையா காப்பாத்துது பாருங்க."

இதில் காப்பாற்றப்பட்ட தொழிலாளி யார் என்று ராவ்காரு அறையைச் சுற்றிப் பார்த்தார். யாரும் தென்படவில்லை.

இனி ஒரே வழி, நேர்காணலில் பையன் தகுதியில்லாதவன் என்று தெரியவருவதுதான் என்றார் வக்கீல். அதற்காக யாரும் எதுவும் செய்யக் கூடாது. மனதுக்குள் வேண்டிக்கொள்வதற்குத் தடையில்லை. அந்த விஷயத்தில் கம்பெனியும் சேர்ந்து வேண்டிக்கொள்ளும் என்றார்.

ராவ்காரு எழுந்து கோட்டின் பித்தானைப் போட்டார்.

"எங்க வீட்டுப் பையன் தகுதியில்லாதவனா இருக்கணும்னு நான் எந்தச் சாமிகிட்டயும் வேண்டிக்க மாட்டேன்."

மகன் தலையைக் குனிந்துகொண்டான். திரும்பி வரும்போது காரில் சசிதர் அப்பாவைத் திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவன் ஏசியைக் குறைக்கட்டுமா என்று மட்டும் கேட்டான்.

நேர்காணலுக்கு முதல் நாள் ராவ்காரு தோட்டத்தில் நின்று தங்கையைக் கூப்பிட்டார். சொல்ல வேண்டியதை மூன்று விதமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தார். ஜன்னல் வழியே நீரஜா குழந்தைக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பது தெரிந்தது.

"அனசூயா, பையன் நாளைக்கு… ரொம்பப் பிரமாதமா பண்ணணும்னு ஒண்ணும் இல்லம்மா."

அவள் மெதுவாகக் கேட்டாள்.

"என்ன அன்னய்யா, மறுபடியும் ரெண்டாவது பந்தியா?"

ராவ்காரு குழாயைப் பார்த்தார். அது சரியாக மூடியிருந்தது.

"இல்லம்மா. முதல் பந்திதான். நல்லா பண்ணச் சொல்லு" என்று போனை வைத்தார்.

ப்ரணீத் நல்லாப் பண்ணினான். முடிந்ததும் மாமாவைத்தான் முதலில் கூப்பிட்டான். அவனுக்கு எதுவும் புரியவில்லை.

"மாவய்யா, விசித்திரமான மனுஷங்க இவங்க. நான் சரியா பதில் சொல்லச் சொல்ல அவங்க முகம் வாடுது. ஒரே ஒரு கேள்விக்குத் தெரியலன்னேன். உடனே எல்லாரும் நிமிர்ந்து உக்காந்து பேனாவை எடுத்தாங்க. அந்த அம்மா எனக்குத் தண்ணிகூட ஊத்திக் குடுத்தாங்க. அப்புறம் ஞாபகம் வந்து பதில் சொல்லிட்டேன். அவங்களுக்குக் கண்ணு கலங்கிடுச்சு."

இரண்டு கடிதங்கள் ஒரே நாளில் புறப்பட்டன. ப்ரணீத்துக்கு வந்ததில், அவன் எல்லாத் தகுதியும் உள்ளவன் என்பதால் அவனுக்கு வேலை இல்லை என்று இருந்தது. சசிதருக்கு வந்ததில், தகுதியான ஆள் கிடைத்துவிட்டதற்குக் கம்பெனி ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்திருந்தது. அரை வருடம் கழித்து வேண்டுமானால் மறுபடி தேடிப் பார்க்கலாம், அதற்குள் தகுதியான ஆள் கிடைக்காத அளவுக்கு நிலைமை மோசமாகும் என்று நம்புவோம் என்றும் இருந்தது. சசிதரின் விசாவுக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

அவன் போகப்போவது உறுதியானதும் கம்பெனி ஒரு விஷயத்தைக் கவனித்தது. அவன் போனால் நாற்காலி உண்மையிலேயே காலியாகும். உண்மையிலேயே காலியாகும் நாற்காலிக்கு ஆள் தேடி மிஸ் ஹட்சின்ஸுக்கு அனுபவமில்லை. மேஜை இழுப்பறையில் இருந்த ஒரே விண்ணப்பத்தை எடுத்தாள். ப்ரணீத் எடிசனிலிருந்து ஒரு பெட்டியோடு வந்து, சசிதர் வீட்டு மாடி அறையிலேயே தங்கி, சசிதர் காரிலேயே ஆபீஸுக்குப் போய், சசிதர் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வேலை கற்றுக்கொண்டான். மாலையில் அத்தான் முறைக்குப் பாவா, பாவா என்று அவனையே சுற்றி வந்தான். யார் மேலும் யாரும் கோபப்பட வழியில்லாமல் போயிற்று. நீரஜா அவனுக்கும் சேர்த்து கோங்கூரா பச்சடி அரைத்தாள், அம்மியில் வேறு யாரையோ அரைப்பதுபோல்.

வீட்டை விற்றார்கள். சாமான் கட்டும் நாளில், ராவ்காரு முன்பு கத்தரித்துக் கோப்பில் வைத்திருந்த விளம்பரத்தை நீரஜா நீட்டினாள்.

"இதை எடுத்துக்கறீங்களா மாவய்யா, இல்ல இங்கயே விட்டுட்டுப் போகவா? ப்ரணீத்துக்கு உதவும்."

ராவ்காரு அதை வாங்கிக் கோட்டுப் பைக்குள் வைத்தார். குழந்தை தன் சைக்கிளைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்து, ஊரில் சைக்கிள் விட இடம் இருக்குமா என்று கேட்டது. இருக்கும் என்றார். குடியேறப்போகும் விசாகப்பட்டினத்துத் தெருக்களை நினைத்துப் பார்த்தபின் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

சசிதரைக் கம்பெனி கைவிடவில்லை. விசாகப்பட்டினத்தில் அதற்கு ஒரு கிளை இருந்தது. மேஜை மாறியது, நாடு மாறியது, வேலை மாறவில்லை. அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் கதவு எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்பதைச் சசிதர் அங்கிருந்து எழுதினான். டல்லாஸில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த ப்ரணீத், பாவா இது ஏன் மூடமாட்டேன் என்கிறது, பாவா அது ஏன் திறக்கமாட்டேன் என்கிறது என்று தினமும் கேட்டுத் தெரிந்துகொண்டு மேலே சொன்னான். வருட முடிவில் மிஸ் ஹட்சின்ஸ் எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பிய கடிதத்தில், ஒரு அமெரிக்க வேலை அமெரிக்கர் கையிலேயே பாதுகாக்கப்பட்டதாகப் பெருமையோடு எழுதியிருந்தாள். அனசூயா போனில் பந்தியைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

மகன் திரும்பி வந்துவிட்டானாமே என்று கோயிலில் விசாரித்தவர்களிடம் ராவ்காரு முதுகு வளையாமல் பதில் சொன்னார். வந்தது மகன் மட்டுமல்ல, உத்தியோகமும் கூடவே வந்துவிட்டது என்றார்.

ஒரு மாலை சசிதர் ஒரு காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். ராவ்காரு இந்த முறை கேட்டுவிட்டார்.

"என்னடா அது?"

"ப்ரணீத்தை ஒரு வருஷம் இங்க அனுப்பறாங்க நான்னா. என்கிட்ட முழுசா வேலை கத்துக்க. அவன் அமெரிக்கக்காரன், நம்ம நாட்டுல வேலை பாக்க விசா வேணும். அதுக்குக் கிளைத் தலைவர் ஒரு கடிதம் குடுக்கணும். இந்த மாசத்துலேர்ந்து இங்க நான்தானே கிளைத் தலைவர்."

"குடு. நம்ம பையன்தானே."

"என்ன எழுதணும் தெரியுமா? இந்த வேலை தெரிஞ்ச ஆள் இந்தியாவுல ஒருத்தர்கூட இல்ல, அதனாலதான் அமெரிக்காலேர்ந்து வரவழைக்கறோம்னு."

ராவ்காரு காகிதத்தை வாங்கிக் கடைசி வரி வரை படித்தார். கீழே மகனின் பெயர், பதவி, கையெழுத்துக்கான இடம்.

"நீ இருக்கியே?"

"நான் ஆள் கணக்குல வரமாட்டேன் நான்னா. நான் சொல்லிக்குடுக்கறவன்."

அவர் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். சசிதர் பேனாவைத் திறந்தான். பிறகு அப்பாவை ஏறிட்டுப் பார்த்தான்.

"இது நம்ம ரெண்டு பேருக்குள்ளயே இருக்கட்டும் நான்னா. தபால் ஆபீஸ் பக்கம் போக வேண்டாம்."

"நான் ஏன் போகப்போறேன்" என்றார் ராவ்காரு சற்று விறைப்பாக.

மகன் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். ராவ்காரு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ராஜமுந்திரியில் மனைவியின் தங்கை மகன் ஒருவன் எட்டு மாதமாக வேலையில்லாமல் இருந்தான். லிஃப்ட் கதவுதான் அவனுக்கும் தொழில். அவர் சொல்லித்தான் படித்தான்.